தெருவுக்கு ஒரு பேர்

மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாக நின்று உயிரை வாங்கும். இது தெரியாமல் முதல் தடவை ஒரு அண்டா மாவைப் பாழாக்கியது ஒன்பது வருஷத்துக்கு முந்தி. அன்றைக்குச் சுற்றி நின்று கேலி செய்ய நாற்பது பேர் இருந்தார்கள், இன்றைக்கு ஞானசுந்தரி டீச்சர் ஒருத்தியும், பத்தடி தள்ளிப் பூவரசு நிழலில் உட்கார்ந்து போஸ்டர் கட்டைப் பிரித்துப் பத்துப் பத்தாக மடித்து வைக்கிற பேச்சித்தாயும்தான். மற்றவர்கள் ஆறு மணிக்கு மேல் ஒட்ட வருவார்கள், அதுவும் எத்தனை பேர் என்பது கர்த்தருக்கே வெளிச்சம். மூடிக் கிடந்த கல்குவாரிப் பள்ளத்தை மறுபடி திறந்து கம்பெனிக் கழிவை லாரி லாரியாகக் கொட்டப் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்ததும் நெடுவாய்க்குளம் மறுபடி கூட்டம் போட்டது, போஸ்டர் அடித்து வந்துவிட்டது, துண்டு நோட்டீஸ் மட்டும் பாக்கி. அதிலும் வாசகம் எல்லாம் டவுன் பிரஸ்ஸில் ஏறிவிட்டது, அடியில் ‘இவண்’ என்று போட்டு அதற்குக் கீழே வரவேண்டிய எட்டுப் பேர்தான் போகவில்லை. ஐந்து மணிக்குள் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினால் நாளைக் காலையில் நோட்டீஸ் கையில் இருக்கும். ஏழு பேர் எழுதியாயிற்று. எட்டாவது வரியில் ‘கீழத்தெரு’ என்று மட்டும் எழுதி அதற்கு நேரே ஒரு கோடு இழுத்திருக்கிறது. அந்தக் கோட்டில் என் மக பேர எழுதுங்க டீச்சர் என்று பேச்சித்தாய் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டாள். மொத நோட்டீஸ்ல அவ அப்பா பேரு இருந்த எடம்லா, அவ பேரு வரட்டும். ஞானசுந்தரி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தென்னமட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கிண்ட ஆரம்பித்துவிட்டாள். பசை கிண்டுகிறவளிடம் யாரும் பதில் கேட்டு நிற்க மாட்டார்கள் பாருங்கள். மணி மூன்றரை.

தாள் மயில்துத்தப் பொட்டலத்துக்கு அடியில் காற்றில் லேசாகத் தூக்கித் தூக்கி விழுந்தது. பார்க்காதே, கிண்டு. அவள் கையெழுத்துத்தான், முப்பத்தோரு வருஷம் பால்வாடிப் பிள்ளைகளுக்கு அ எழுதிக் காட்டிய கையெழுத்து, குண்டு குண்டாக, பிசிறில்லாமல். டீச்சர் எழுதினா அச்சடிச்சது மாதிரி இருக்கும் என்று ஊரே சொல்லும், அந்தப் பெருமைதானே முதல் நோட்டீஸை எழுத உட்கார வைத்தது. இல்லாவிட்டால் அவளுக்கும் போராட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகி, அங்கன்வாடியில் சோறு வடித்தால் சோறும் மஞ்சளாகி, பிள்ளைகள் கை காலைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்கள், அதுதான் சம்பந்தம். எழுதிக் குடுங்க டீச்சர் என்றார்கள், எழுதினாள். வாசகம் அரை மணி நேரத்தில் முடிந்தது. பேருக்குத்தான் மூன்று நாள் பிடித்தது. எங்க ஊரில் சடங்கு நோட்டீஸ் என்றாலும், கோயில் கொடை நோட்டீஸ் என்றாலும், காது குத்துக்கு அடிக்கிற மஞ்சள் தாள் என்றாலும் பேர்தான் நோட்டீஸ், மற்றதெல்லாம் வெறும் தாள். எம் பேரு ஏன் வரலை என்று பந்தியிலிருந்து எழுந்து போன மாமன்மார் உண்டு, என் பேருக்கு முந்தி அவன் பேரா என்று ஏழு வருஷம் பேசாமல் கிடந்த அண்ணன் தம்பி உண்டு. ஆகவே கமிட்டியில் உட்கார்ந்து ஒரு முறை வகுத்தார்கள். எட்டுத் தெரு, தெருவுக்கு ஒரு பேர், பேரில் அகர வரிசை, பட்டம் பதவி எதுவும் முன்னாலும் கிடையாது பின்னாலும் கிடையாது. யாருக்கும் மனக்கஷ்டம் வரக்கூடாது என்றுதான். அடப்பாவமே, யாருக்கும் மனக்கஷ்டம் வரக்கூடாது என்றுதான் அவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். போலீஸ்காரர்களும் பார்க்கப் போகிற தாள் அது என்று எட்டுத் தெருவில் ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா? ஊரில் நோட்டீஸ் என்றால் பேர் போட்டுப் பழக்கம், போட்டார்கள், அவ்வளவுதான்.

மாவு பால் போல இருந்தது கொஞ்சம் கனக்க ஆரம்பித்தது. இனிமேல்தான் கை நிற்கக் கூடாது. ஏழு தெருவும் பேர் தந்தது, கீழத்தெரு தரவில்லை. அந்தத் தெருவில் அப்போது ஆம்பிளைகளே கிடையாது, பாதிப் பேர் செங்கல் சூளைக்கு, பாதிப் பேர் கேரளாவுக்கு, இருந்த ரெண்டு மூன்று பேரும் நாளை பார்ப்போம் என்றார்கள். இந்தப் பக்கம் கம்பெனிக்காரனுடைய புரோக்கர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு கீழத்தெரு நம்ம பக்கம், அங்க எவனும் எதுக்கல என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஏழு பேரோடு நோட்டீஸ் வெளியே போனால் அவன் சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடும். அன்றைக்கும் இதே மாதிரி பிரஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பேச்சித்தாயின் புருஷன், கொத்தனார் முப்புடாதி சைக்கிளில் வந்துகொண்டிருந்தான், பள்ளிக்கூடத்து முக்கில் வைத்து நிறுத்தினாள். தம்பி, உன் பேர எழுதிக்கிடட்டா? அவன் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ஹேண்டில்பாரில் தொங்கின மட்டக்கோலைச் சரி செய்துகொண்டு, வேண்டாம்க்கா என்றான். இதோ, இங்கே வந்ததும் நின்றுவிடும். எத்தனையோ தடவை அவள் மனசு அந்த முக்குக்குப் போயிருக்கிறது, வேண்டாம்க்கா வரைக்கும் போகும், அதற்கு மேல் அவன் சொன்னதைக் கேட்காமல் திரும்பி வந்துவிடும். அவன் மேலும் சொன்னான்தான். அவள் கேட்டாள்தான். கேட்டுவிட்டு, சரி தம்பி போய்ட்டு வா என்று அனுப்பிவிட்டு, அங்கன்வாடிக்குள் வந்து, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்க, முட்டைக் கணக்கு எழுதுகிற பேனாவால் ஏழாவது பேருக்குக் கீழே முப்புடாதி, கீழத்தெரு என்று குண்டு குண்டாக எழுதினாள். எட்டு வரியும் நிறைந்த பிறகு தாள் பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது தெரியுமா? பேப்பரில் ஒரு பேர் வந்தால் அவனுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது, வந்த பிறகு பார்த்துவிட்டு அவனே சிரிப்பான் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

சத்தியமாகவா? தன் பேரை எழுதினாளா? இல்லையே. வாசகம் அவளுடையது, கையெழுத்து அவளுடையது, பசை கூட அவள் வீட்டு அண்டாவில்தான் காய்ச்சியது, பேர் மட்டும் வேறு எட்டுப் பேருடையது. அங்கன்வாடி வேலை போய்விடும் டீச்சர், நீங்க பின்னால இருங்க என்று கமிட்டியே சொன்னது, அவளும் அப்பாடா என்று பின்னாலே இருந்துகொண்டாள். அப்போது அவள் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தார், அவள் சம்பளத்தில்தான் மருந்து. நியாயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தன் பேர் வந்தால் வேலை போகும் என்று தெரிந்தவளுக்கு, இன்னொருத்தன் பேர் வந்தால் அவனுக்கும் எதுவோ போகும் என்று எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்தது. ஒரு ஓரத்தில் தெரிந்துதான் இருந்தது. போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டாள், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போது அவள் பேருக்கு ஒரு கேடும் வராது, அதனால் இந்த நோட்டீஸில் கோயில்தெரு பேராக ஞானசுந்தரி என்று தன் பேரையே எழுதிவிட்டாள். பெரிய வீரம்தான் போ!

“டீச்சர், இந்தப் போட்டோவில செல்வி அப்பாவுக்கு மீசைய பெரிசா வச்சுட்டானுவளோ?” என்று கேட்டாள் பேச்சித்தாய். ஒரு போஸ்டரை மடியில் விரித்து வைத்திருந்தாள். கல்குழியைத் திறக்காதே என்று சிவப்பில் பெரிய எழுத்து, அதற்குக் கீழே வலது பக்கத்தில் முப்புடாதி, ஊருக்காகச் சிறை சென்ற தோழர் என்று. அந்தப் படம் யாரோ ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது, பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டு அவன் தலையை மட்டும் எடுத்திருக்கிறார்கள், தோளில் இன்னொருத்தர் கை மட்டும் மிச்சம் இருக்கிறது. “இல்ல பேச்சி, அப்படித்தான் இருந்தான்” என்றாள் ஞானசுந்தரி. “பேர எழுதிட்டியளா?” “பசை எறங்கட்டும், எழுதுதேன்.” “மாரிச்செல்வின்னு முழுசா எழுதுங்க, செல்வின்னு எழுதுனா யாருக்குத் தெரியும்?” என்று சொல்லிவிட்டு அவள் போஸ்டரை மடித்து அடுக்கில் வைத்தாள். பேச்சித்தாய்க்கு நாற்பத்தாறு வயசு இருக்கும், அவன் செத்த பிறகு ரெண்டு வருஷத்தில் பத்து வயசு கூடிப் போனாள். துத்தத்தை இப்போது போடலாமா இன்னும் கொஞ்சம் இறுகட்டுமா? துத்தம் போடாத பசையில் ஒட்டினால் விடிவதற்குள் ஆடு தின்றுவிடும். முதல் வாரம் ஒட்டினதை அப்படித்தான் வடக்குத்தெரு ஆடுகள் சுவரோடு நக்கித் தின்றுவிட்டுப் போயின, அப்புறம்தான் டவுன் கட்சிக்காரர் ஒருத்தர் துத்தம் போடச் சொல்லிக் கொடுத்தார். நீலப் பொடி வெள்ளைக் கூழில் விழுந்து கோடு கோடாக ஓடியது. ஆடு தின்றிருந்தால் என்ன? அந்த முதல் நோட்டீஸை அத்தனையும் ஆடே தின்றிருந்தால், ஒன்றுகூட ஸ்டேஷனுக்குப் போயிருக்காதே. எந்த ஆடு துண்டு நோட்டீஸைத் தேடிப் போய்த் தின்றது, பைத்தியக்காரி.

ஸ்டேஷனுக்குப் போனது. சாலை மறியல் நடந்து மூன்றாம் நாள் பதிந்த வழக்கில் முதல் எட்டு எதிரிகளும் நோட்டீஸில் வந்த அதே எட்டுப் பேர், அதே வரிசை. அவர்களுக்கு அதைவிட வசதி என்ன வேண்டும், வரிசைப்படுத்தித் தெருவும் போட்டு நாமே அடித்துக் கொடுத்துவிட்டோம். எட்டாவது எதிரி முப்புடாதி, கீழத்தெரு. மறியல் நடந்த அன்றைக்கு அவன் ஊரிலேயே இல்லை, மஸ்கட்டுக்குப் போக மெடிக்கல் எடுக்கத் திருச்சிக்குப் போயிருந்தான், திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கின இடத்தில் வைத்துத் தூக்கினார்கள். கையில் எக்ஸ்ரே கவர் இருந்ததாம். ஐயா நான் பேர் குடுக்கல என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், டீச்சர்தான் எழுதினா என்று கையைக் காட்டியிருந்தால்! முதல் நாலு நாள் அவளுக்குத் தூக்கம் இல்லை, ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் அவர் படுக்கைக்கும் அடுப்படிக்கும் நடுவில் நின்றுகொண்டு ஏசுவே ஏசுவே என்று முணுமுணுப்பாள். ஜீப் வரவில்லை. அவன் சொல்லவில்லை. நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தான், விசா போயிற்று, பாஸ்போர்ட் முடங்கியது, வாய்தா வாய்தா என்று ஆறு வருஷம் அலைந்தான், ஒரு இடத்தில் நிலைத்து வேலை பார்க்க முடியவில்லை, எங்கே போனாலும் அடுத்த மாதம் கோர்ட்டுக்கு வந்து நிற்க வேண்டும். ஒரு இடத்திலும் அவன் சொல்லவில்லை. ஜெயிலில் பார்க்கப் போன பேச்சித்தாயிடம், நம்ம தெரு பேரு வராமப் போயிரக் கூடாதேன்னு நான்தான் குடுத்தேன் என்று சொன்னானாம். அதை அவளே வந்து இவளிடம் சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரு இப்படிச் சொல்லுதாரு டீச்சர் என்று. ஞானசுந்தரி அன்றைக்கு என்ன செய்தாள் தெரியுமா? ஒரு தம்ளர் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தது நிஜம். ஜெயிலிலிருந்து வந்த அன்றைக்கு மாலை போட்டுக் கூட்டி வந்தார்கள், அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? பிறகு ஒரு நாள் அங்கன்வாடித் தரை பெயர்ந்து கிடக்கிறது என்று யாரோ சொல்லி அவனே சட்டியும் கரண்டியுமாக வந்துவிட்டான். ரெண்டு மணி நேரம் முட்டி போட்டுப் பூசினான். அவள் வாசல்படியில் நின்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி ஒரு வார்த்தை ஏசிவிடு தம்பி, நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிடு, உங்க மவன் பேரா இருந்தா எழுதியிருப்பியளா என்று கேள், நான் அழுதுவிட்டுப் போகிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவன் கையைக் கழுவிவிட்டு, சிமெண்டு காயுத வரைக்கும் பிள்ளைகள உள்ள விடாதியக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். கூலி கொடுத்ததற்கு வேண்டாம் என்றுவிட்டான். மன்னித்துவிட்டானா, அல்லது மன்னிப்பதற்குக்கூட அவளை ஒரு ஆளாக மதிக்கவில்லையா? கிட்னி கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பார்க்கப் போனாள், கால் வீங்கி, முகம் கறுத்து. தண்ணி குடிச்ச ஊரு பூரா இதே சீக்குதான் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். முப்புடாதி அவளைப் பார்த்து வாங்கக்கா என்றான், கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் விட்டான். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு வந்துவிட்டாள். செத்த வீட்டில், கேதத்துக்கு வந்த பெண்களோடு பேச்சித்தாயைக் கட்டிப் பிடித்து அழுதபோது வாய் வரைக்கும் வந்தது. அப்போது பார்த்து ஒருத்தி, என் ராசா ஊருக்குப் பேர குடுத்துட்டு உசிரக் குடுத்துட்டியே என்று ஒப்பாரி எடுத்தாள், வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது.

இப்போது செல்வி. முப்புடாதியின் ஒரே மகள், நர்சிங் முடித்துவிட்டு மதுரையில் தனியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அரசாங்க வேலைக்குத் தேறியிருக்கிறாள், அடுத்த மாதம் சான்றிதழ் சரிபார்ப்பு, அதோடு போலீஸ் விசாரணையும் வரும். வழக்கு எதுவும் கிடையாது என்று ஸ்டேஷனில் எழுதித் தந்தால்தான் ஆர்டர். நோட்டீஸ் நாளைக்குக் காலையில் ஸ்டேஷன் மேஜைக்குப் போய்விடும், இந்தத் தடவை அது நிச்சயம், ஒன்பது வருஷத்தில் அந்த அறிவாவது வந்திருக்கிறது. மற்ற ஏழு பேரும் அது தெரிந்தேதான் பேர் தந்தார்கள், ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து, வழக்கு வரும், வாய்தா வரும் என்று ஞானசுந்தரியே சொல்லி, யோசித்துச் சொல்லுங்கள் என்று ரெண்டு நாள் விட்டுத்தான் எழுதினாள். செல்விக்குத் தெரியுமா? தெரியாது. “அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா பேச்சி?” என்று அப்போதே கேட்டாள்தான். “அவகிட்ட என்ன டீச்சர் கேக்க, நான் பெத்தவ” என்றாள் இவள். அங்கன்வாடிக்கு மூக்கு ஒழுக வந்த பிள்ளை, கொழுக்கட்டை என்றால் ரெண்டு கேட்கும். வேண்டாம் பேச்சி, வேலை போயிரும் என்று மட்டும் சொல்லிப் பார்க்கலாமா? சொன்னால் இவள் என்ன சொல்வாள்? அவிய வேலை போகும்னு பாத்தா குடுத்தாவ என்பாள். அதுக்கு என்ன பதில்? அவன் கொடுத்தான் என்கிற அந்த ஒரு பொய்யின் மேல்தான் இவள் காலை ஊன்றி நிற்கிறாள், அதை எடுக்காமல் செல்வி பேரை எடுக்க முடியாது. எடுத்தால் இவள் விழுந்துவிடுவாளே. ஊரில் அவள் தலை நிமிர்ந்து நடப்பது சிறை சென்றவன் பெண்டாட்டி என்றுதானே, ரேஷன் கடையில்கூட இடம் விடுகிறார்கள். அதையும் பிடுங்கிக்கொண்டு என்ன கொடுப்பது, ஒரு தம்ளர் காப்பியா? சும்மா இரு. எழுதிவிட்டு அனுப்பிவிடு. இந்தத் தடவை அம்மாவே சொல்லுகிறாள், உன் மேல் பழி இல்லை. பழி இல்லையா? அட கர்த்தரே, மறுபடியும் அதே பேனா, அதே தெரு, கேட்காத ஒரு பேர்.

மணி நாலே முக்கால். பசை மட்டையில் ஒட்டிக் கனமாக வழிந்தது, இறக்க வேண்டிய பதம். இறக்கவில்லை. கை தன்னால் சுற்றிக்கொண்டிருந்தது. “பேச்சி” என்றாள். “என்ன டீச்சர், எறக்கணுமா? இந்தா வாரேன்.” “எறக்க வேண்டாம். உக்காரு. அந்தப் பேர அவன் குடுக்கல.” பேச்சித்தாய்க்குப் புரியவில்லை, “எந்தப் பேர?” என்றாள். “உன் வீட்டுக்காரன் பேர. மொத நோட்டீஸ்ல. நான் கேட்டேன், வேண்டாம்னான். வேண்டாம்னு சொன்ன பொறவும் நான்தான் எழுதுனேன். உன்கிட்ட அவன் சொன்னது பொய். என்னையக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு சொன்ன பொய்.” சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள், அப்படி ஒன்றும் ஆகவில்லை. பேச்சித்தாய் கையிலிருந்த போஸ்டரை மடித்தாள். அடுத்ததை எடுத்தாள், மடித்தாள். அந்தப் பத்தும் முடிகிற வரைக்கும் மடித்துவிட்டு, அடுக்கின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தாள் ஞானசுந்தரி, அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

“அவிய வேண்டாம்னா சொன்னாவ?” “ஆமா.” “என்ன சொன்னாவ? சொன்ன மாதிரியே சொல்லுங்க.” பள்ளிக்கூடத்து முக்கு, ஊன்றின ஒரு கால், மட்டக்கோல். இந்தத் தடவை மனசைத் திரும்ப விடாமல் பிடித்து நிறுத்தினாள். “வேண்டாம்க்கா, மஸ்கட்டுக்கு விசா வந்துட்டு, இந்த நேரத்துல பேரு கீரு வந்தா போச்சு. ஊரு என்னைய ஏசுனாலும் ஏசட்டும். தாலி கெட்டுன நாள்லேருந்து பேச்சி ஒழுகுத வீட்டுலயே கெடக்கா, ரெண்டு வருசம் போய்ட்டு வந்து அவளுக்கு ஒரு தார்சு வீடு போட்டுக் குடுக்கணும். அதுக்குப் பொறவு எங்க வேணும்னாலும் என் பேர எழுதிக்கிடுங்க. அப்படின்னான்.”

பேச்சித்தாய் எழுந்து வந்தாள். ஞானசுந்தரி கையிலிருந்த மட்டையை வாங்கினாள், அண்டாவைப் பார்த்து, “அடி பிடிச்சிட்டு” என்றாள், விறகை இழுத்து வெளியே போட்டாள். பிறகு அண்டாவுக்கு முன்னால் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள், சத்தம் கூட்டாமல். “ஊர்ல எல்லாவளும் ஏம் புருசன மெச்சுவாளுவ, நானும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டுவேன். வீட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்திட்டு ஏசுவேன் டீச்சர். ஏழு வருசம் ஏசியிருக்கேன். எங்கள நெனச்சியளா, பொம்பளப் புள்ளைய நெனச்சியளா, ஊருதான பெரிசுன்னு பேரக் குடுத்தியன்னு. மழை பெஞ்சு ஒழுகுனா ஏசுவேன். வாய்தாவுக்குக் கெளம்புனா ஏசுவேன். கடைசில டாக்டரு தண்ணிய அளந்துதான் குடுக்கணும்னுட்டாரு, நாக்கு வறண்டு தண்ணி தண்ணின்னாவ. ஊருக்குத்தான பேரு குடுத்திய, ஊருகிட்ட கேளுங்க, கொண்டாந்து ஊத்துவாவன்னேன். பொறவு குடுத்தேன், குடுக்காம இல்ல. ஆனா சொல்லிட்டுத்தான் குடுத்தேன். குடிச்சிட்டு என்னையப் பாத்தாவ. அப்பவும் ஒரு வார்த்தை சொல்லலியே அவிய, நான் குடுக்கலட்டின்னு ஒரு வார்த்தை.” மூக்கை முந்தானையில் துடைத்தாள். “அவிய இருக்கப்ப ஏசிட்டோம், போன பொறவாவது அவிய மனசுப்படி ஒண்ணு செய்வோம்னுல்லா அந்தப் புள்ள பேர எழுதச் சொன்னேன்.”

தன் தலையில் இருக்கிற பாரம் இவ்வளவுதான் என்று ஞானசுந்தரி ஒன்பது வருஷமாக ஒரு அளவு வைத்திருந்தாள், விசா, பாஸ்போர்ட், நாற்பத்தொரு நாள், வாய்தா என்று. கதவைச் சாத்தின வீட்டுக்குள் ஒரு மனுஷன் ஏழு வருஷம் ஏச்சு வாங்கினது அதில் இல்லை. அந்தத் தண்ணீர் அதில் இல்லை. அவன் பேச்சிக்காகச் சொன்ன வார்த்தையை, பேச்சியிடம் சேர வேண்டியதை, இவள் தன் பாவம் என்று நினைத்துக்கொண்டு பூட்டி வைத்துவிட்டாள். அவன் இருக்கும்போதே சொல்லியிருந்தால் அந்த வீட்டில் ஒரு நாளாவது நிம்மதியாக விளக்கு எரிந்திருக்கும். “பேச்சி, என்னைய...” என்று ஆரம்பித்தாள். பேச்சித்தாய் கையை ஆட்டி நிறுத்தினாள். “உங்கள என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல டீச்சர். அதப் பொறவு பாப்போம். செல்வி பேர எழுதாதிய. நான் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லுதேன், அவ வந்து அவ வாயால சொன்னா எழுதுங்க, இல்லன்னா எங்க தெரு வெறுமனே கெடக்கட்டும்.” ஞானசுந்தரி தாளை எடுத்து, எட்டாவது வரியைக் கோட்டோடு அப்படியே விட்டு, போட்டோ எடுத்து அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் பிரஸ்ஸிலிருந்து போன் வந்தது, ஒரு பேர் விட்டுப் போச்சே டீச்சர் என்று கேட்பார்கள், எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

வெயில் சாய்ந்து அண்டாவின் மேல் விழுந்தது, பசை மேலாக ஆடை கட்டத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள். பேச்சித்தாய் எழுந்திருக்கவில்லை, பசை அப்பின மட்டையை மடியிலேயே போட்டுக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். “டீச்சர்.” “சொல்லும்மா.” “அவிய பேச்சின்னா சொன்னாவ? பேரு சொல்லியா? வீட்டுல ஒரு நாளும் என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டது இல்ல. ஏட்டிதான். என்னைக்கும் ஏட்டிதான்.” “பேரு சொல்லித்தான் சொன்னான் பேச்சி.” அவள் கையில் ஒட்டின பசையை முந்தானையில் துடைத்தாள். பிறகு, “இன்னொரு மட்டம் சொல்லுங்க” என்றாள். ஞானசுந்தரி அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாள்.